எக்ஸெப்ஷனுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது எப்படி: பைடெஸ்ட்டில் படிப்படியாக

எக்ஸெப்ஷனுக்கான (கோடு ஓடும்போது எறியும் பிழை அறிவிப்பு) டெஸ்ட்டைப் பச்சையாக்குவது, அதாவது வெற்றி என்று காட்டவைப்பது, ரொம்பச் சுலபம். எதைக் கொடுத்தாலும் உள்ளே ஏதோ ஒன்று வெடிக்கும், டெஸ்ட்டும் "வெடித்துவிட்டது, சரி" என்று சொல்லிவிடும். நான் எழுதிய ஒரு டெஸ்ட் இப்படித்தான் பல மாதம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ட்டுக்குள் ஒரு மாறியின் பெயரில் எழுத்துப் பிழை. சோதிக்க வேண்டிய ஃபங்ஷன் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. அதற்கு முந்தின வரியிலேயே நேம்எரர் வந்தது, டெஸ்ட் அதையே வெற்றியாக எடுத்துக்கொண்டது.

புதிதாகச் சேருபவர்களின் கோடைப் (நிரல் வரிகளைப்) பார்க்கும்போதும் இதே கதைதான், ஆள்தான் வேறு. பெரும்பாலும் கோடு தெரியாததால் தடுக்கி விழுவதில்லை. படிகளை முன்பின்னாக மாற்றிச் செய்வதால் விழுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். கோடு வரிகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது பைதான் சொற்களை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன்

பைதான் 3, அதோடு பிப் (பைதானின் நிறுவு கருவி) மூலம் நிறுவிய பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி. இவை போதும். மாக் செய்ய (உண்மையானதற்குப் பதில் ஒரு போலியை வைக்க) தேவையான யூனிட்டெஸ்ட்.மாக் பைதானோடே வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மளிகைக் கடையின் பற்று நோட்டை வைத்துக்கொள்வோம். மூன்று ஃபங்ஷன்கள். தொகை_படி, எழுத்து வடிவில் வந்த தொகையை வாங்கி டெசிமல் எண்ணாகத் தரும். பற்று_எழுது, ஒரு வாடிக்கையாளர் வாங்கிய சாமான்களை அவர் கணக்கில் ஏற்றும். கடன் வரம்பைத் தாண்டினால் மறுக்கும். குறுஞ்செய்தி_அனுப்பு, "உங்கள் பாக்கி இவ்வளவு" என்ற தகவலை இணையம் வழியாக ஒரு சேவைக்கு அனுப்பும்.

பெயர்களைத் தமிழில் வைத்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், பைதான் 3 இதை ஏற்கும். ஆனால் டெஸ்ட் ஃபங்ஷனின் பெயர் ஆங்கில எழுத்தில் டெஸ்ட் என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். ஃபைலின் பெயரும் அதே சொல்லும் ஓர் அடிக்கோடுமாகத் தொடங்கட்டும். இல்லாவிட்டால் பைடெஸ்ட் அதைத் தேடி எடுக்காது. ஓடாத டெஸ்ட்டும் தோற்காது என்பதால் இது கண்ணில் படாமல் போகும். ஓட்டியதும் "எத்தனை டெஸ்ட்" என்ற எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கத்தை இன்றே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

2. தோல்விகளைத் தாளில் எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: என்ன உள்ளீடு, எந்த எக்ஸெப்ஷன், அதைப் பிடிக்க வேண்டியவர் யார். ஃபங்ஷன் எந்தச் சூழலில் மறுக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாவிட்டால், அது இப்போது எதைச் செய்கிறதோ அதையே "சரி" என்று டெஸ்ட்டில் எழுதிவைப்பீர்கள். அப்படி எழுதிய டெஸ்ட் பிழையைக் காவல் காக்கும்.

தொகை_படிக்கு இந்தப் பட்டியலை எழுதச் சொன்னால் பலரும் "எண் இல்லாத எழுத்து, வெற்று எழுத்து, எதிர்மறை எண்" என்று மூன்றோடு நிறுத்துவார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

"1,25,000" என்று காற்புள்ளியோடு வந்தால்? நம் ஊரில் தொகையை அப்படித்தான் எழுதுவோம், ஆனால் டெசிமல் அதை ஏற்காது. "1_250" என்று அடிக்கோடு வந்தால்? பைதான் 3.6-லிருந்து இது செல்லுபடியாகும் எண், 1250. "௫௦" என்று தமிழ் எண்ணில் வந்தால்? பைதான் அதையும் 50 என்று படித்துவிடும். இன்ட், டெசிமல் இரண்டுமே யூனிகோடில் பதின்ம இலக்கமாகக் குறிக்கப்பட்ட எல்லா எழுத்துகளையும் ஏற்கின்றன. ஆனால் பழைய முறையில் பத்தைக் குறிக்கும் "௰" பதின்ம இலக்கம் அல்ல, அதனால் மறுக்கப்படும். "எண் அல்ல" என்பதைக் குறிக்கும் என்ஏஎன் என்ற மூன்றெழுத்தைக் கொடுத்தால் டெசிமல் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். பிறகு அது பூஜ்யத்தை விடச் சிறியதா என்று ஒப்பிடும் வரியில் வெடிக்கும்.

இவற்றில் எது சரி, எது தவறு என்று பைதான் உங்களுக்காக முடிவு செய்யாது. கடைக்காரருக்கு "௫௦" செல்லுமா என்பது கடைக்காரர் விஷயம். நாம் இங்கே காற்புள்ளியை நீக்கி ஏற்கிறோம், அடிக்கோட்டையும் என்ஏஎன்னையும் மறுக்கிறோம், தமிழ் எண்ணை ஏற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மறுக்கும்போதெல்லாம் தவறான_தொகை என்ற சொந்த எக்ஸெப்ஷன். அதை வேல்யூஎரரின் (மதிப்பு சரியில்லாதபோது பைதான் எறியும் எக்ஸெப்ஷன்) குழந்தையாக, அதாவது உள்வகையாக, வைத்திருக்கிறோம்.

மூன்றாவது பத்திக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாரும் பிடிக்கப் போவதில்லை என்றால், அது பெரும்பாலும் நம் சொந்தக் கோடின் பிழையைக் காட்டும் எக்ஸெப்ஷன். அதற்கு டெஸ்ட் எழுத வேண்டியதில்லை. "நன் (மதிப்பு ஏதும் இல்லை என்பதற்கான பைதான் சொல்) கொடுத்தால் அட்ரிபியூட்எரர் வரும்" என்று டெஸ்ட் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது யாரும் யாருக்கும் கொடுத்த வாக்கு அல்ல, தற்செயல்.

ஒரு குறிப்பு: உள்ளீட்டைச் சரிபார்க்க ஃபங்ஷனுக்குள் அசெர்ட் எழுதாதீர்கள். பைதானை பெரிய ஓ என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் அசெர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போகும். டெஸ்ட்டில் மறுக்கப்பட்ட தொகை நேரலையில் (உண்மையான பயன்பாட்டில்) நுழைந்துவிடும்.

3. முதல் டெஸ்ட் வெற்றிக்கு

எக்ஸெப்ஷனைச் சோதிக்க வந்துவிட்டு ஏன் வெற்றிப் பாதை? எதைக் கொடுத்தாலும் தவறான_தொகை எறியும் ஒரு ஃபங்ஷனைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் தோல்வி டெஸ்ட்டுகள் அத்தனையும் பச்சையாக இருக்கும்.

அதனால் "250" கொடுத்தால் 250 வருகிறது, "1,25,000" கொடுத்தால் 125000 வருகிறது என்று இரண்டு டெஸ்ட் முதலில். இங்கே ட்ரை, எக்ஸெப்ட் எதுவும் போடாதீர்கள். "எக்ஸெப்ஷன் வரக்கூடாது" என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். வந்தால் பைடெஸ்ட்டே டெஸ்ட்டைச் சிவப்பாக்கி, எந்த வரியில் வந்தது என்றும் காட்டும். ட்ரை போட்டு, எக்ஸெப்டில் பிரிண்ட் போட்டால் அந்தத் தகவலை நீங்களே அழித்துவிடுகிறீர்கள், டெஸ்ட்டும் பச்சையாகிவிடும்.

4. வித் பிளாக்குக்குள் ஒரே வரி

இப்போது தோல்விக்கு வரலாம்.

வித் பைடெஸ்ட்.ரெய்ஸஸ்(தவறான_தொகை):
    தொகை_படி("ஐம்பது")

அவ்வளவுதான். உள்ளே ஒரே வரி, வெடிக்க வேண்டிய அந்த அழைப்பு மட்டும். கடையை உருவாக்குவது, வாடிக்கையாளரைச் சேர்ப்பது, தேதியைப் படிப்பது எல்லாம் பிளாக்குக்கு மேலே. பற்று_எழுதுவைச் சோதிக்கும் டெஸ்ட்டில் தேதியையும் பிளாக்குக்குள் படித்தார் ஒருவர். பிப்ரவரி 31 என்று கொடுத்திருந்தார். தேதி படிக்கும் ஃபங்ஷன் வேல்யூஎரர் எறிந்தது, டெஸ்ட் எதிர்பார்த்ததும் வேல்யூஎரர். பச்சை. பற்று எழுதவே இல்லை.

இன்னொரு தவறு, அசெர்ட்டையும் பிளாக்குக்குள் வைப்பது. எக்ஸெப்ஷன் எறிந்த வரிக்குக் கீழே பிளாக்கில் இருக்கும் எதுவும் ஓடாது. அங்கே "ஒன்று சமம் இரண்டு" என்று எழுதினாலும் டெஸ்ட் பச்சைதான். எறிந்த எக்ஸெப்ஷனைப் பார்க்க வேண்டுமானால், வித் வரியின் முடிவில் ஆஸ் இன்ஃபோ என்று பெயர் கொடுத்து, பிளாக்கை விட்டு வெளியே வந்தபின் இன்ஃபோ.வேல்யூ என்று எடுங்கள். ஒரு டேப் உள்ளே, வெளியே என்பதுதான் வித்தியாசம்; கண்ணில் படாமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

பழைய பாணியில் ட்ரை போட்டு, அழைப்புக்கு அடுத்த வரியில் "இங்கே வந்திருக்கக் கூடாது" என்று அசெர்ட் ஃபால்ஸ் எழுதி, எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று பிடித்து பாஸ் போடுவார்கள். அசெர்ட் எறியும் அசெர்ஷன்எரரும் எக்ஸெப்ஷனின் குழந்தைதான். ஆகவே "வந்திருக்கக் கூடாது" என்ற கூச்சலையும் அதே எக்ஸெப்ட் விழுங்கிவிடும். இந்த டெஸ்ட்டால் எந்தக் காலத்திலும் தோற்க முடியாது. இப்படி ஒன்றைக் கண்டால் திருத்த உட்காராமல் அழித்துவிட்டு ரெய்ஸஸில் எழுதுங்கள்.

5. வகையைக் குறுக்குங்கள்

தடுக்கி விழுபவர்கள் அதிகம் இந்தப் படியில்தான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தொகை_படியைப் புதியவர் முதலில் எப்படி எழுதுவார்? ட்ரைக்குள் டெசிமல் மாற்றம், எக்ஸெப்ட் வேல்யூஎரர் என்று பிடித்து, அங்கிருந்து தவறான_தொகை எறிவது. இன்ட்டுக்கு எழுத்தைக் கொடுத்தால் வேல்யூஎரர்தானே வரும், டெசிமலுக்கும் அப்படித்தான் என்று நம்புவது இயல்பு. ஆனால் டெசிமல் எறிவது இன்வேலிட்ஆபரேஷன். அது அரித்மெடிக்எரர் பரம்பரை, வேல்யூஎரருக்கும் அதற்கும் உறவே இல்லை. எக்ஸெப்ட்டைத் தாண்டி அது நேராக வெளியே வந்துவிடும்.

டெஸ்ட் சிவப்பாகும். இது நல்ல செய்தி, டெஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அடுத்து நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரெய்ஸஸுக்குள் தவறான_தொகை என்றிருந்ததை எக்ஸெப்ஷன் என்று மாற்றுவார்கள். "அண்ணா, பச்சையாகிவிட்டது." ஆகத்தான் செய்யும். ஃபங்ஷனில் இருந்த பிழை அப்படியே இருக்க, அதைக் கண்டுபிடித்த டெஸ்ட்டைக் குருடாக்கிவிட்டோம்.

ரெய்ஸஸ் கொடுத்த வகையை மட்டுமல்ல, அதன் குழந்தைகள் எல்லாவற்றையும் ஏற்கும். எக்ஸெப்ஷன் என்று கொடுத்தால் பெயர்ப் பிழையால் வரும் நேம்எரர், ஆர்க்யுமென்ட் குறைந்ததால் வரும் டைப்எரர் என்று ஏறக்குறைய எல்லாமே செல்லும். வேல்யூஎரர் என்று கொடுத்தாலும் ஜேசன் படிக்கும்போது வரும் டிகோட்எரர், யூனிகோடு டிகோட்எரர் இரண்டும் செல்லும், ஏனென்றால் அவை அதன் குழந்தைகள். ஓஎஸ்எரர் என்றால் ஃபைல் இல்லை, அனுமதி இல்லை, டைம்அவுட் எல்லாமே.

ஆகவே விதி இது: தாளில் இரண்டாவது பத்தியில் எழுதிய வகை எதுவோ அதுவேதான் ரெய்ஸஸுக்குள் வர வேண்டும். டெஸ்ட் சிவப்பானால் கோடைத் திருத்துங்கள், அல்லது தாளில் எடுத்த முடிவு தவறென்று தெரிந்தால் தாளைத் திருத்துங்கள். டெஸ்ட்டை மட்டும் தளர்த்துவது மூன்றாவது வழி, அது வேண்டாம். குழந்தை வகைகூட வரக்கூடாது, மிகச் சரியாக இதே வகைதான் வேண்டும் என்றால் இன்ஃபோ.டைப் இஸ் தவறான_தொகை என்று பிளாக்குக்கு வெளியே அசெர்ட் செய்யலாம். எனக்கு அது அரிதாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

நிரலை முடிக்கும் எக்ஸிட் அழைப்பைச் சோதிக்க வேண்டி வந்தால், சிஸ்டம்எக்ஸிட் என்று பெயரிட்டே கேளுங்கள். அது எக்ஸெப்ஷனின் குழந்தை அல்ல, பேஸ்எக்ஸெப்ஷனின் குழந்தை. எந்த எண்ணோடு முடிந்தது என்பது இன்ஃபோ.வேல்யூ.கோடு என்ற இடத்தில் இருக்கும்.

6. செய்தியைச் சோதிக்கும்போது

ஒரே வகை எக்ஸெப்ஷன் இரண்டு காரணங்களுக்காக வரலாம். எதிர்மறைத் தொகைக்கும் தவறான_தொகை, எழுத்துக்கும் அதுவே. எந்தக் காரணம் என்று பிரித்தறிய ரெய்ஸஸில் மேட்ச் என்று ஒரு துணுக்கைக் கொடுக்கலாம்.

மேட்ச் சாதாரண எழுத்து ஒப்பீடு அல்ல, ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) தேடல். "வரம்பு (ரூ. 5000) தாண்டியது" என்ற செய்தியை அப்படியே மேட்ச்சில் ஒட்டினால் டெஸ்ட் சிவப்பாகும்; அடைப்புக்குறிகளுக்கு அங்கே வேறு பொருள். புள்ளிக்கோ "எந்த எழுத்தும்" என்று பொருள், ஆகவே அது தேவைக்கு மேல் தாராளமாக ஏற்கும். செய்தியை அப்படியே தேட வேண்டுமென்றால் ரீ.எஸ்கேப் வழியாகக் கொடுங்கள்.

தமிழில் செய்தி எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. "தொகை" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று கோடில், மற்றது டெஸ்ட்டில் என்றால் மேட்ச் தோற்கும், நீங்கள் இரண்டு வரியையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இதற்காக அரை நாள் போனது எனக்கு. மாறிப் பெயர்களைப் பைதான் தானே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, ஆனால் மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தை அப்படி மாற்றுவதில்லை. இரண்டையும் யூனிகோடுடேட்டாவின் நார்மலைஸ் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் தீர்ந்தது.

கீஎரரிடமும் கவனம். அதை எழுத்தாக மாற்றினால் செய்தியைச் சுற்றி மேற்கோள் குறிகளும் சேர்ந்து வரும். தொடக்கத்தைக் குறிக்கும் குறியோடு மேட்ச் எழுதினால் சிக்கும்.

உண்மையில் நான் செய்தியைச் சோதிப்பதைவிட, எக்ஸெப்ஷனுக்குள் தகவலைப் புலமாக வைத்து அதைச் சோதிப்பதையே விரும்புவேன். வரம்பு_மீறல் எறியும்போது அதில் வரம்பு, கேட்ட_தொகை என்று இரண்டு புலம். டெஸ்ட்டில் இன்ஃபோ.வேல்யூ.வரம்பு 5000 தானா என்று பார்த்தால் போதும். நாளை யாராவது செய்தியின் நடையைத் திருத்தினால் எந்த டெஸ்ட்டும் உடையாது.

7. ஒருமுறை சிவப்பாக்கிப் பாருங்கள்

ஒவ்வொரு தோல்வி டெஸ்ட்டும் பச்சையான உடனே, ஃபங்ஷனில் அந்த எக்ஸெப்ஷனை எறியும் வரியை மறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். "எக்ஸெப்ஷன் வரவில்லை" என்ற பொருளில், வகையின் பெயரோடு பைடெஸ்ட் புகார் சொல்ல வேண்டும். சொன்னால் வரியை மீட்டுங்கள், அடுத்த டெஸ்ட்டுக்குப் போங்கள். இன்னமும் பச்சையாக இருந்தால் உங்கள் டெஸ்ட் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இருபது டெஸ்ட் சேர்ந்தபின் யாரும் இதைச் செய்வதில்லை, நானும்தான்.

8. எறிந்த பிறகு மிச்சம் என்ன

வாடிக்கையாளர் மூன்று சாமான் வாங்குகிறார்: அரிசி, எண்ணெய், பருப்பு. பற்று_எழுது ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போகிறது. பருப்பு ஏற்றும்போது வரம்பு தாண்டுகிறது, வரம்பு_மீறல் எறிகிறது. டெஸ்ட் பச்சை.

ஆனால் அரிசியும் எண்ணெயும் நோட்டில் ஏறிவிட்டன. கடைக்காரர் "பற்று கிடையாது" என்று சொல்லிச் சாமானைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டார், நோட்டிலோ பாக்கி நிற்கிறது. அடுத்த மாதம் தகராறுதான்.

அதனால் நிலையை மாற்றும் எந்த ஃபங்ஷனுக்கும் வித் பிளாக்குக்குப் பிறகு இன்னொரு அசெர்ட் கட்டாயம்: பாக்கி முன்பிருந்த அளவிலேயே இருக்கிறதா, நோட்டில் வரி கூடவில்லையே. முன்பிருந்த பாக்கியைப் பிளாக்குக்கு மேலேயே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். பட்டியலை வைத்திருந்தால் நகல் எடுங்கள். வெறுமனே இன்னொரு பெயர் கொடுத்தால் அதே பட்டியலைத்தான் இரண்டு பெயரும் காட்டும், ஒப்பீடு எப்போதும் சமம் என்றே வரும்.

நான் இதுவரை பார்த்த எக்ஸெப்ஷன் டெஸ்ட்டுகளில் நிஜமாகவே பெரிய பிழையைப் பிடித்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது அசெர்ட்தான். வகையைச் சோதிக்கும் வரி அதற்கான வாசல் மாதிரி.

9. வெளியுலகத் தோல்வியை வரவழைப்பது

இணையம் அறுந்தால் குறுஞ்செய்தி_அனுப்பு என்ன செய்யும்? வைஃபையை அணைத்துச் சோதிக்க முடியாது, மாக் வேண்டும். மாக்கின் சைடு_எஃபெக்ட் என்ற இடத்தில் ஓர் எக்ஸெப்ஷனை வைத்தால், அழைக்கும்போது அதை எறியும். பலர் ரிட்டர்ன்_வேல்யூவில் வைத்துவிடுகிறார்கள். அப்போது மாக் எக்ஸெப்ஷனை எறியாது, ஒரு சாதாரணப் பொருளைப் போல் கையில் கொடுக்கும்.

எந்த எக்ஸெப்ஷனை வைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் (இணையத்தோடு பேச உதவுவது, தனியாக நிறுவ வேண்டும்) நேரம் கடந்தால் எறிவது அதன் சொந்த டைம்அவுட். அது பைதானின் உள்ளமைந்த டைம்அவுட்எரரின் குழந்தை அல்ல. மாக்கில் உள்ளமைந்ததை வைத்து, கோடிலும் உள்ளமைந்ததையே பிடித்தால் டெஸ்ட் பச்சை, நேரலையில் வெடிப்பு. நூலகம் உண்மையில் எதை எறிகிறது என்பதை ஒருமுறை நேரில் வரவழைத்துப் பார்த்துவிட்டு அதையே மாக்கில் வையுங்கள்.

அதேபோல, சர்வர் 500 (சர்வருக்குள் பிழை) என்று பதில் தந்தால் ரிக்வெஸ்ட்ஸ் தானாக எதையும் எறியாது. ரெய்ஸ்_ஃபார்_ஸ்டேட்டஸ் என்று அழைத்தால்தான் எச்டிடிபிஎரர் வரும். பதிலையே மாக்காக வைத்திருந்தால் அந்த அழைப்பும் சமர்த்தாக எதையும் எறியாமல் போய்விடும். அதன் சைடு_எஃபெக்டையும் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ரிக்வெஸ்ட்ஸ் மாட்யூல் முழுவதையும் மாக் செய்யாதீர்கள், போஸ்ட் என்ற ஒன்றை மட்டும் செய்யுங்கள். முழுவதையும் மாற்றினால் உங்கள் எக்ஸெப்ட் வரியில் இருக்கும் எக்ஸெப்ஷன் வகையும் மாக்காகிவிடும். "பேஸ்எக்ஸெப்ஷன் பரம்பரையில் இல்லாததைப் பிடிக்க முடியாது" என்ற பொருளில் ஒரு டைப்எரர் வரும். எங்கிருந்து வந்தது என்று தலை சுற்றும். பேட்ச் செய்யும் (மாக்கைப் பொருத்தும்) இடம், அந்தப் பெயர் பயன்படும் மாட்யூல், அது பிறந்த மாட்யூல் அல்ல.

மறுமுயற்சி இருந்தால் சைடு_எஃபெக்டில் ஒரு பட்டியலைக் கொடுங்கள்: டைம்அவுட், டைம்அவுட், பிறகு நல்ல பதில். முதல் இரண்டு அழைப்பில் எறியும், மூன்றாவதில் பதில் தரும். மாக்கின் கால்_கவுன்ட் 3 என்று பாருங்கள். பட்டியல் தீர்ந்தபின்னும் கோடு அழைத்தால் ஸ்டாப்இட்டரேஷன் வரும். அது வந்தால் மாக்கைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் கோடு நினைத்ததைவிட அதிகமுறை முயல்கிறது. முயற்சிகளுக்கு இடையே தூங்கும் வரி இருந்தால் அதையும் மாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் டெஸ்ட்டும் கூடவே தூங்கும்.

நூலகத்தின் எக்ஸெப்ஷனை நம்முடையதாக மாற்றி எறியும்போது ஃப்ரம் போட்டு மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பிறகு லாக்கைப் படிப்பவருக்கு அதுதான் துப்பு. சோதிக்க, இன்ஃபோ.வேல்யூவின் காஸ் என்ற புலத்தில் (முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு) பழைய எக்ஸெப்ஷன் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

10. பிடித்து அமைதியாகிவிடும் கோடு

சில இடங்களில் எக்ஸெப்ஷன் வெளியே வரவே கூடாது. குறுஞ்செய்தி போகாததற்காகப் பற்று எழுதுவது நிற்கக் கூடாது. அப்போது ரெய்ஸஸ் வேண்டாம். பற்று ஏறியதா என்று ஒரு அசெர்ட், தோல்வி லாக்கில் பதிவானதா என்று இன்னொன்று. லாக்கைப் பார்க்க பைடெஸ்ட்டின் கேப்லாக் இருக்கிறது. இரண்டாவது அசெர்ட் இல்லாவிட்டால், "பிடித்துப் பதிவு செய்தது" என்பதும் "பிடித்து விழுங்கியது" என்பதும் டெஸ்ட்டுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

11. உடனே வெடிக்காதவை

யீல்டு உள்ள ஃபங்ஷனை அழைத்தால் உள்ளே ஒரு வரிகூட ஓடாது, ஜெனரேட்டர் மட்டும் கையில் வரும். எக்ஸெப்ஷன் வர வேண்டுமானால் வித் பிளாக்குக்குள் அதை நெக்ஸ்ட் அல்லது லிஸ்ட் வைத்து இழுக்க வேண்டும். அசிங்க் ஃபங்ஷனும் அப்படியே, அவெயிட் போடாமல் எதுவும் நடக்காது. இரண்டிலும் "எக்ஸெப்ஷன் வரவில்லை" என்று டெஸ்ட் சிவப்பாகும். கோடைத் தேடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

த்ரெட் (கூடவே ஓடும் இன்னொரு இழை) மோசம். அதற்குள் வெடிப்பது ஜாயின் செய்யும் இடத்துக்கு வராது, ரெய்ஸஸுக்குத் தெரியவும் தெரியாது. கன்கரன்ட்.ஃபியூச்சர்ஸ் பயன்படுத்தினால் ரிசல்ட் என்று கேட்கும்போது அதே எக்ஸெப்ஷன் மறுபடி எறியப்படும், அந்த வரியை ரெய்ஸஸுக்குள் வைக்கலாம்.

12. அட்டவணையாக்குவது கடைசியில்

தாளில் இருக்கும் தவறான உள்ளீடுகளை எல்லாம் பாராமெட்ரைஸ் கொண்டு ஒரே டெஸ்ட்டாக்கலாம்: "ஐம்பது", "௰", "1_250", வெற்று எழுத்து, என்ஏஎன். ஆனால் முதல் இரண்டு, மூன்றைத் தனித்தனியாக எழுதிச் சிவப்பாக்கிப் பார்த்தபின்தான். அட்டவணையில் ஒரு தப்பு இருந்தால் எல்லா வரியிலும் அதே தப்பு.

எறிபவை, எறியாதவை இரண்டையும் ஒரே அட்டவணையில் திணித்து டெஸ்ட்டுக்குள் இஃப் போடுவதை நான் விரும்புவதில்லை. இரண்டு டெஸ்ட்டாக வைத்தால் பெயரைப் படித்தாலே புரியும். தமிழ் உள்ளீடுகள் டெஸ்ட்டின் பெயரில் குறியீட்டு எண்களாக மாறித் தெரியும். அதை நிறுத்த ஓர் அமைப்பு உண்டு. சமூகத்திடம் உதவி கேட்கும் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாக்கியமே அந்த அமைப்பின் பெயரில் இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஐடியை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடலாம்.

13. வேறு கருவியில் எழுதுபவர்களுக்கு

வரிசை மாறாது, சில இடங்களில் நடத்தை மாறும். பைதானின் யூனிட்டெஸ்ட்டில் அசெர்ட்ரெய்ஸஸை வித் இல்லாமல் பயன்படுத்தினால் ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும், அழைத்துக் கொடுத்தால் அது தொடங்கும் முன்பே வெடித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்ட்டிலும் இதே கதை, அழைப்பை ஓர் அம்பு ஃபங்ஷனுக்குள் போர்த்துங்கள். ப்ராமிஸ் என்றால் ரிஜெக்ட்ஸ், அதற்கு முன் அவெயிட்டை மறக்க வேண்டாம். ஜாவாவின் ஜேயூனிட் 4-இல் டெஸ்ட் குறிப்பிலேயே எக்ஸ்பெக்டட் போடும் முறை மொத்த டெஸ்ட்டையும் ஒரே பிளாக்காக்கிவிடும், நான்காம் படியில் சொன்ன எல்லாச் சிக்கலும் அதில் உண்டு. அசெர்ட்த்ரோஸுக்கு மாறுங்கள். டாட்நெட்டின் எக்ஸ்யூனிட்டில் அசெர்ட்.த்ரோஸ் குழந்தை வகையை ஏற்காது, அதற்கு த்ரோஸ்எனி என்று தனியாக இருக்கிறது.

14. பழைய டெஸ்ட்டுகளை என்ன செய்வது

ரஃப் என்ற பைதான் கோடு சரிபார்க்கும் கருவியில் பிடி011 என்ற விதியை இயக்கினால், மேட்ச் இல்லாமல் எக்ஸெப்ஷன், வேல்யூஎரர், ஓஎஸ்எரர் போன்ற அகலமான வகைகளைக் கேட்கும் ரெய்ஸஸ்களைக் காட்டும். பிடி012, வித் பிளாக்குக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வரி இருப்பதைக் காட்டும். முதல் நாள் பட்டியல் நீளமாக வரும், பயந்துவிடாதீர்கள்.

ஒரு ஃபைலை எடுங்கள், வகைகளைக் குறுக்குங்கள், ஓட்டுங்கள். பச்சையாகவே இருப்பவற்றை அப்படியே கமிட் செய்யுங்கள். சிவப்பானவற்றைத் தனித்தனி கமிட்டாக வையுங்கள், ஏனென்றால் அவற்றில் சிலவற்றுக்கு டெஸ்ட்டைத் திருத்தினால் போதும், சிலவற்றுக்கு நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும் கோடையே திருத்த வேண்டிவரும். இரண்டும் ஒரே கமிட்டில் கலந்தால் ரிவ்யூ செய்பவரால் பிரித்துப் பார்க்க முடியாது.